தலைத் தமனி அழற்சி: இன்றே ஸ்டீராய்டா, முடிவு வரும்வரை காத்திருப்பதா? பயாப்ஸியா, ஸ்கேனா? மாத்திரை மட்டுமா, ஊசியுமா?

"அம்மாவுக்கு 74 வயது. தலைவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. இப்போது மூன்று வாரமாக நெற்றிப்பொட்டில் வலி. சீப்பு பட்டாலே தலை எரிகிறது என்கிறார். பாதிச் சாப்பாட்டில் தாடை வலித்து நிறுத்திவிடுகிறார். நேற்று எடுத்த ரத்தத்தில் இஎஸ்ஆர் 92. இன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்கிறார் டாக்டர். சர்க்கரை இருக்கிறவருக்கு ஸ்டீராய்டா, பயாப்ஸி முடிவு வரட்டும் என்கிறான் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?"

ஆளும் வயதும் மாறுமே தவிர, இந்தக் குழப்பம் பல வீடுகளில் இதே போலத்தான் வருகிறது. அண்ணன் கெட்டவர் இல்லை, அம்மாவின் உடம்பை நினைத்துத்தான் தயங்குகிறார். ஆனால் மூன்று தனித்தனி முடிவுகளை அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். ஒன்றை இன்று மாலைக்குள் எடுக்க வேண்டும். அடுத்ததற்கு ஒரு வாரம் இருக்கிறது. மூன்றாவதை நிதானமாக உட்கார்ந்து பேசலாம். மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

## முதலில், இது என்ன நோய்

ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்பது மருத்துவப் பெயர். டெம்போரல் ஆர்டரைட்டிஸ் என்ற பழைய பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. தலைக்கும் முகத்துக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. சுவர் தடிக்கிறது, உள்ளே ரத்தம் ஓடும் வழி குறுகுகிறது. நெற்றிப்பொட்டுத் தமனி குறுகினால் தலைவலி. தாடைத் தசைக்குப் போகும் கிளை குறுகினால் மெல்லும்போது வலி. கண் நரம்புக்குப் போகும் நுண்கிளை அடைபட்டால் பார்வை போகிறது.

50 வயதுக்குக் கீழே அநேகமாக வருவதே இல்லை. எழுபதுகளில் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதி. ஆசியர்களிடம் குறைவு, ஆனால் வராமல் இல்லை. குறைவு என்பதாலேயே டாக்டரின் நினைவுக்கு இது தாமதமாக வரும் ஆபத்தும் உண்டு.

1890ல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு முதியவரைப் பற்றி எழுதி வைத்தார். தலையின் இரு பக்கமும் தமனிகள் சிவந்து வீங்கி, தொட்டால் வலி தாங்காமல், அந்த மனிதரால் தொப்பி வைக்க முடியவில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் அதே பாஷைதான் பேசுகிறது: "தலையணையில் அந்தப் பக்கம் சாய்க்க முடியவில்லை", "கண்ணாடியின் காது பட்டால் வலிக்கிறது."

அடையாளங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தாடை வலி. பல் வலியோடும் தாடை மூட்டு வலியோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. தாடை மூட்டுக் கோளாறில் வாயைத் திறந்த முதல் கணத்திலேயே வலிக்கும், சொடுக்குச் சத்தம் கேட்கும். இந்த நோயில் முதல் சில வாய் சிரமம் இல்லாமல் போகும். மெல்ல மெல்லத் தாடை களைத்து வலி ஏறும், நிறுத்தினால் சில நிமிடத்தில் அடங்கும், மறுபடி மென்றால் மறுபடி வரும். ரத்தம் போதாத தசை அப்படித்தான் வலிக்கும். முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடி மட்டும் வெட்டி மறையும் வலி வேறு. அது பெரும்பாலும் முக நரம்பு வலி.

கண் தரும் எச்சரிக்கைகள்: ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் சில நிமிடம் இருண்டு பிறகு தெளிவது, ஒன்று இரண்டாகத் தெரிவது. "இப்போது சரியாகிவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாத இரண்டு அறிகுறிகள் இவை. தெளிந்தது நல்ல செய்தி இல்லை. அடுத்த முறை தெளியாமல் போகலாம்.

இவை தவிர, காலையில் தோளும் இடுப்பும் இறுகி, படுக்கையை விட்டு எழவே முடியாத பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற நிலை இந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உடன் வருகிறது. காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைவு, அசதி மட்டுமே காட்டி, தலைவலியே இல்லாமல் வருவதும் உண்டு. பாலிமயால்ஜியாவுக்காக ஏற்கெனவே குறைந்த அளவு ஸ்டீராய்டு எடுப்பவருக்குப் புதிதாகத் தலைவலியோ பார்வைக் கோளாறோ வந்தால், "ஸ்டீராய்டுதான் எடுக்கிறாரே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அதற்குக் கொடுக்கும் 12.5 முதல் 25 மில்லிகிராம் வரையான அளவு கண்ணைக் காக்கப் போதாது.

உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் பற்றியும் ஒரு சொல். வயது கூடக்கூட அது இயல்பாகவே ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது பழைய கைக்கணக்கு. 74 வயதுப் பெண்ணுக்கு 42 வரை இருக்கலாம். 92 இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தொற்று, சிறுநீரக நோய், சில ரத்தப் புற்றுநோய்கள் ஆகியவையும் அதை ஏற்றும். மறுபக்கம், இஎஸ்ஆரும், அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஆர்பியும் இரண்டுமே இயல்பாக இருந்து நோய் இருப்பவர்களும் ஒரு சிறு பங்கினர் உண்டு. எண் சந்தேகத்தைக் கூட்டும், குறைக்கும், தீர்ப்புச் சொல்லாது.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு முடிவையும் இந்த ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

1. தவறாகிப்போனால் இழப்பது திரும்பக் கிடைக்குமா?
2. எத்தனை நாள் தாமதம் தாங்கும்?
3. நோயே இல்லாதவருக்கு இந்தச் சிகிச்சை போய்விட்டால் என்ன கேடு?
4. இந்த உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண் அழுத்தம், பழைய காசநோய், குடல் கோளாறு.
5. செய்யப்போகிறவருக்கு அதில் கை பழகியிருக்கிறதா?

ஐந்தும் சம எடை உடையவை அல்ல. முதல் கேள்வி மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

## முதல் முடிவு: இன்றே தொடங்குவதா, காத்திருப்பதா?

### இன்றே தொடங்குவது

வழக்கமான தொடக்க அளவு நாளுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பார்வை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் அல்லது விட்டுவிட்டு மறைந்தால், மருத்துவமனையில் நரம்பு வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை மூன்று நாள் கொடுப்பார்கள். அந்த ஊசிக்கு ஏற்பாடு செய்ய நேரமாகும் என்றால், அதற்காகக் காத்திராமல் மாத்திரையை உடனே கொடுத்துவிடுவதே முறை.

ஏன் இந்த அவசரம்? இந்த நோயில் ஐந்தாறு பேரில் ஒருவருக்குப் பார்வை நிரந்தரமாகப் போகிறது. போன பார்வை அபூர்வமாகவே திரும்புகிறது. ஒரு கண் போய்ச் சிகிச்சை இல்லாமல் விட்டால், சில நாட்களில் அல்லது ஓரிரு வாரத்தில் அடுத்த கண்ணும் போகலாம். ஒரு கண் போன பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டு, பெரும்பாலும் மீதிக் கண்ணுக்காகத்தான்.

மறைமுகச் செலவு: சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், மனநிலை அலைபாயும், சிலர் இரண்டாம் நாளே எரிச்சலும் படபடப்புமாக ஆளே மாறிவிடுவார்கள். இன்னொன்று, தலைவலி இரண்டு மூன்று நாளில் மாயம்போல் மறைவதைப் பார்த்து "அப்போது நோய் இதுதான்" என்று எல்லோரும் உறுதி செய்துகொள்வது. இவ்வளவு ஸ்டீராய்டுக்கு வேறு பல வலிகளும் அடங்கும். வலி குறைந்தது ஆதரவான சான்று மட்டுமே. பரிசோதனையைக் கைவிடக் காரணம் இல்லை.

### முடிவு வரும்வரை காத்திருப்பது

காத்திருப்பவர் சேமிப்பது சில நாள் ஸ்டீராய்டு. பணயம் வைப்பது கண்ணை. நோய் இல்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்தால் டாக்டர் மருந்தை நிறுத்திவிடலாம். ஏறிய சர்க்கரை இறங்கும். இருண்ட கண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அண்ணனிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டைப் பற்றிய அவர் பயம் நியாயமானது, ஆனால் அந்தப் பயம் மாதக்கணக்கில் எடுக்கும் ஸ்டீராய்டைப் பற்றியது. இன்று கேட்பது ஒரு வாரத்துக்கான முடிவு.

ஸ்டீராய்டு தொடங்கினால் பயாப்ஸி வீணாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. தமனிச் சுவரில் ஏற்பட்ட மாற்றம் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்தால் போதும்.

அப்படியானால் காத்திருப்பது ஒருபோதும் சரியில்லையா? சரியான இடமும் உண்டு. 50 வயதுக்குக் கீழே இருப்பவர், கண்ணில் தொல்லை இல்லை, தாடையில் வலி இல்லை, இஎஸ்ஆரும் சிஆர்பியும் இயல்பு. அல்லது தலைவலிக்கு வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது: நெற்றியில் அக்கிக் கொப்புளம், சீழ் பிடித்த சைனஸ். சந்தேகம் மெலிதாக இருந்து, ஒரே நாளில் நல்ல ஸ்கேனும் கிடைக்கும் என்றால், ஸ்கேனுக்குப் பிறகு தொடங்கலாம். பிரிட்டனிலும் நார்வேயிலும் சில மருத்துவமனைகள் இதற்கென்றே அதிவேகப் பிரிவுகளை நடத்துகின்றன. சந்தேகம் வந்தவுடன் ஸ்கேன், கையோடு சிகிச்சை. அங்கே பார்வை இழப்பு குறைந்தது என்று பதிவுகள் காட்டுகின்றன. அந்த வேகம் கிடைக்காத இடத்தில் மாத்திரை முந்த வேண்டும்.

முதல் மாத்திரைக்கு முன் ஐந்து நிமிடத்தில் ஒரு காரியம் செய்துவிடலாம்: இஎஸ்ஆர், சிஆர்பி, ரத்தத் தட்டணு எண்ணிக்கை, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்து வைப்பது. முடிவு நாளை வரட்டும், மாத்திரை இன்று போகட்டும்.

## இரண்டாவது முடிவு: எந்தப் பரிசோதனை?

இங்கே உலகின் இரண்டு பெரிய வாதநோய் அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய அமைப்பு 2018லும் பிறகு 2023லும் அல்ட்ராசவுண்டை முதலில் வைத்தது. அமெரிக்க அமைப்பு 2021ல் பயாப்ஸியை முதலில் வைத்தது. ஒரே ஆய்வுகளைப் படித்த இரண்டு அறிவார்ந்த குழுக்கள் ஏன் வேறு வேறு முடிவுக்கு வந்தன? பதில் ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது: கை பழக்கம். ஐரோப்பாவில் இந்த ஸ்கேனில் தேர்ந்தவர்கள் அதிகம், அமெரிக்காவில் குறைவு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதும் உங்கள் மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததே.

### பயாப்ஸி

காதுக்கு முன்னால், முடிக் கோட்டை ஒட்டி, மரத்துப்போகும் ஊசி போட்டுத் தமனியில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறார்கள். துண்டு ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஏனென்றால் அழற்சி தமனி முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. இங்கே ஒரு திட்டு, இடையில் நல்ல பகுதி, அங்கே ஒரு திட்டு. குட்டைத் துண்டு நல்ல பகுதியிலிருந்து வந்துவிட்டால் முடிவு "இல்லை" என்று வரும்.

பயாப்ஸியின் பலம் அதன் "ஆம்". அது வந்துவிட்டால் வாதமே இல்லை. இரண்டு வருடம் மருந்து எடுக்கப்போகிறவருக்கு அந்த உறுதி பெரிய துணை. பலவீனம் அதன் "இல்லை". அறிகுறிகள் பலமாக இருந்து பயாப்ஸி நெகட்டிவ் என்று வந்தால், நோய் இல்லை என்று மருந்தை நிறுத்துவது ஆபத்து. வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்பது என் எண்ணம். மறைமுகச் செலவு: ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு முன்னேற்பாடு வேண்டும், முடிவு வரச் சில நாள் ஆகும், அபூர்வமாகப் புருவத்தை உயர்த்தும் நரம்புக் கிளை காயப்படலாம்.

### அல்ட்ராசவுண்ட்

கத்தி இல்லை, வலி இல்லை, அன்றே முடிவு. வீங்கிய தமனியைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரியும், அழுத்தினாலும் மறையாது. நெற்றிப்பொட்டோடு நிறுத்தாமல் இரண்டு அக்குள் தமனிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு நோய் அங்கேதான் இருக்கும்.

இதன் மறைமுகச் செலவு நேரம். ஸ்டீராய்டு தொடங்கிய ஒவ்வொரு நாளும் வளையம் மங்கும். ஒரு வாரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன், எடுத்துவிட வேண்டும். கை பழகாதவர் எடுத்தால் வயதானவரின் கொழுப்புப் படிந்த தமனியை அழற்சி என்று எண்ணலாம். உண்மையான வளையத்தைத் தவறவிடவும் செய்யலாம்.

2016ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 381 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. நோய் உள்ளவர்களில் பயாப்ஸி 39 சதவீதம் பேரையும், அல்ட்ராசவுண்ட் 54 சதவீதம் பேரையும் பிடித்தது. நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்கியதில் பயாப்ஸி 100, அல்ட்ராசவுண்ட் 81. வேறு ஆய்வுகளில் பயாப்ஸி இதைவிட நன்றாகவே செய்திருக்கிறது. ஆனாலும் இந்த எண்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: எந்தப் பரிசோதனையும் தனியாக நின்று "இல்லை" என்று சொல்லும் தகுதி பெறவில்லை. அறிகுறியும் ரத்தமும் பரிசோதனையும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

### பெட் சி.டி., எம்.ஆர்.ஐ.

தலை அமைதியாக இருந்து, காய்ச்சலும் எடைக் குறைவும் மட்டும் தொடர்கிறதா? இரண்டு கைகளில் ரத்த அழுத்தம் வெவ்வேறாக இருக்கிறதா? கையை உயர்த்தி வேலை செய்தால் வலிக்கிறதா? அப்போது இதயத்திலிருந்து கிளம்பும் மகா தமனியையும் அதன் பெருங்கிளைகளையும் பார்க்க பெட் சி.டி. பொருத்தம். ஸ்டீராய்டு தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்தால் தெளிவாக இருக்கும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் படம் கெடும், கதிர்வீச்சும் உண்டு. தலைத் தமனிகளுக்கு, நல்ல எம்.ஆர்.ஐ. கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருந்தால், அதுவும் மாற்றாகும்.

என் தேர்வு: தேர்ந்த கை இருந்தால் முதல் சில நாளுக்குள் அல்ட்ராசவுண்ட். அது தெளிவாகச் சொல்லாவிட்டால் பயாப்ஸி. தேர்ந்த கை இல்லையென்றால் நேராக பயாப்ஸி.

## மூன்றாவது முடிவு: ஸ்டீராய்டு மட்டுமா, துணை மருந்துமா?

ஸ்டீராய்டு இல்லாமல் இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. கேள்வி, அதை எவ்வளவு சீக்கிரம் குறைக்க முடியும் என்பதே. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, இரண்டு மூன்று மாதத்தில் 15 முதல் 20 மில்லிகிராமுக்கும், ஒரு வருடத்தில் 5 மில்லிகிராமுக்குள்ளும் வர வேண்டும். நடைமுறையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழியில் நோய் ஒருமுறையாவது தலைகாட்டுகிறது, அளவு மறுபடி ஏறுகிறது, இரண்டு வருடம் தாண்டிவிடுகிறது. துணை மருந்துகள் இந்த இடத்தில்தான் வருகின்றன.

| | ஸ்டீராய்டு மட்டும் | டோசிலிசுமேப் சேர்த்து | மெத்தோட்ரெக்சேட் சேர்த்து | உபாடசிட்டினிப் சேர்த்து |
|---|---|---|---|---|
| எப்படி எடுப்பது | தினம் காலை மாத்திரை | வாரம் ஒரு ஊசி, தோலுக்கடியில் | வாரம் ஒருநாள் மட்டும் | தினம் ஒரு மாத்திரை, 15 மி.கி. |
| சான்று | பல பத்தாண்டு அனுபவம் | வலுவானது | மிதமானது | புதியது, நல்லது |
| ஸ்டீராய்டைக் குறைக்கும் திறன் | இல்லை | அதிகம் | கொஞ்சம் | அதிகம் |
| முன்பரிசோதனை | சர்க்கரை, எலும்பு, கண் அழுத்தம் | காசநோய், மஞ்சள் காமாலை பி, கல்லீரல் | கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் | காசநோய், மஞ்சள் காமாலை பி, இதய வரலாறு |
| யாருக்கு ஒத்துவராது | தவிர்க்க முடியாதது | பெருங்குடல் சுவரின் சிறு பைகளில் அழற்சி வந்தவர், தொற்று உள்ளவர் | சிறுநீரகம் பலவீனமானவர் | மாரடைப்பு, ரத்தக்கட்டி வரலாறு உள்ளவர், புகைப்பவர் |
| செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | குறைவு | மிக அதிகம் |

### ஸ்டீராய்டு மட்டும்

மருந்து மலிவு, விலை வேறு இடத்தில் வசூலாகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. அதனால் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் மருந்து ஆகியவற்றை முதல் வாரத்திலேயே கேளுங்கள். "எலும்பு ஸ்கேன் பிறகு பார்க்கலாம்" என்று ஆறு மாதம் தள்ளினால், பார்க்க வேண்டியது முறிந்த முதுகெலும்பாக இருக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன், மதியத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றில் காலையில் மட்டும் பார்த்தால் எண் நன்றாக இருக்கும், ஏமாந்துபோவீர்கள். மாலைச் சாப்பாட்டுக்கு முன் பாருங்கள்.

கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம். கண்ணைக் காக்கத் தொடங்கிய மருந்துக்குக் கண் டாக்டரின் காவலும் வேண்டும். தொடைத் தசை மெலிந்து நாற்காலியிலிருந்து எழச் சிரமம் வரும்போது, நோய் திரும்பிவிட்டது என்று அளவைக் கூட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. வலியும் காலை இறுக்கமும் இருந்தால் அது பாலிமயால்ஜியா. வலியே இல்லாமல் பலம் மட்டும் குறைந்தால் ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம். அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் பக்கவிளைவு குறையும் என்ற யோசனை இந்த நோயில் எடுபடவில்லை. தானாகச் சட்டென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து: உடம்பு சொந்தமாகக் கார்டிசோல் சுரப்பதை நிறுத்தியிருக்கும், வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்து வரும்.

யாருக்கு இதுவே போதும்? எலும்பு பலமாக, சர்க்கரை இல்லாமல், முதல் முறை நோய் வந்து, அளவு குறையும்போது ஒழுங்காக அடங்கி வருபவருக்கு. விலையுயர்ந்த ஊசி எட்டாத குடும்பங்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. ஒழுங்காகக் குறைத்து, எலும்பையும் சர்க்கரையையும் கவனித்து நடத்தும் ஸ்டீராய்டு மட்டுமான சிகிச்சை கண்ணைக் காக்கும்.

### டோசிலிசுமேப்

இன்டர்லூகின்-6 என்ற அழற்சித் தூதுப் பொருளைத் தடுக்கும் ஊசி. 2017ல் வெளியான ஆய்வில் 251 பேர் இருந்தார்கள். வாரம் ஒருமுறை ஊசியோடு ஸ்டீராய்டை 26 வாரத்தில் குறைத்தவர்களில் 56 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஊசி இல்லாமல் அதே 26 வாரத்தில் குறைத்தவர்களில் 14 சதவீதம், 52 வாரத்தில் மெதுவாகக் குறைத்தவர்களில் 18 சதவீதம். வருடம் முழுவதும் எடுத்த மொத்த ஸ்டீராய்டும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதன் மறைமுகச் செலவில் பணம் ஒரு பகுதிதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: இந்த ஊசி சிஆர்பியை அடியோடு அமுக்கிவிடுகிறது. நோய் திரும்பினாலும் எண் ஏறாது. நிமோனியா வந்தாலும் ஏறாமல் இருக்கலாம். "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்ற ஆறுதல் இனி கிடையாது. வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் இந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்று வலியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. குடல் பையில் அழற்சி வந்தவர்களுக்குக் குடல் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். நிறுத்திய பிறகு பலருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே எத்தனை காலம் என்பதைத் தொடங்கும்போதே பேசிவிடுங்கள்.

சர்க்கரை, தேய்ந்த எலும்பு, கண் அழுத்தம் இவற்றில் ஏதாவது இருப்பவருக்கும், அளவு குறையும்போதெல்லாம் நோய் திரும்புபவருக்கும் இதுவே மேல். கேள்வியில் வந்த அம்மாவுக்குக் காசநோய்ப் பரிசோதனை தெளிவாக இருந்து வசதியும் இருந்தால், நோய் உறுதியான முதல் மாதத்திலேயே இதைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். அண்ணனின் கவலைக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. முதல் நாள் மாத்திரையைத் தடுப்பதில் இல்லை.

### மெத்தோட்ரெக்சேட்

பழைய மருந்து, விலை குறைவு, பலன் மிதம். நோய் திரும்புவதைக் கொஞ்சம் குறைக்கிறது, வேலை செய்யச் சில வாரம் ஆகும். டோசிலிசுமேப் கிடைக்காதவருக்கும் ஒத்துவராதவருக்கும் நியாயமான மாற்று. ஒரே ஒரு எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்: இது வாரத்தில் ஒருநாள் எடுக்கும் மருந்து. மறதி உள்ள முதியவர் தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. மாத்திரைப் பெட்டியை வேறொருவர் நிரப்பட்டும், கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

### உபாடசிட்டினிப்

ஊசி வேண்டாம் என்பவர்களுக்குப் புதிய வழி. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்தது. ஆய்வில் ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள், போலி மாத்திரை பெற்றவர்களில் 29 சதவீதம். ஆனால் ஜேக் தடுப்பிகள் எனப்படும் இந்த வகை மருந்துகளுக்கு 65 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இதய நோயாளிகள் விஷயத்தில் கடும் எச்சரிக்கை இருக்கிறது. அக்கியும் அதிகம் வருகிறது. இந்த நோய் பிடிப்பதோ பெரும்பாலும் 65ஐத் தாண்டியவர்களைத்தான். அதனால் நான் இதை முதல் தேர்வாக வைக்க மாட்டேன். டோசிலிசுமேப் ஒத்துவராமல், இதயம் நன்றாக இருப்பவருக்குப் பேசிப் பார்க்கலாம்.

ஆஸ்பிரின் பற்றியும் கேட்கிறார்கள். முன்பு எல்லோருக்கும் கொடுத்தார்கள். இப்போது இதயத்துக்கோ மூளை ரத்தக்குழாய்க்கோ வேறு காரணம் இருந்தால் மட்டுமே.

## அளவு குறையும் மாதங்களில்

முதல் மாத அவசரம் அடங்கிய பிறகு வீட்டில் கவனம் தளரும். நோய் திரும்புவது அந்த மாதங்களில்தான். தலைவலி, தாடை வலி, தலைத் தோல் வலி திரும்பினால் ஓரிரு நாளில் டாக்டரிடம் பேசுங்கள். பார்வையில் எந்த மாற்றமும் அன்றே அவசரப் பிரிவுக்கு. எண் மட்டும் ஏறி அறிகுறி ஒன்றும் இல்லையென்றால், அளவைக் கூட்டும் முன் தொற்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது நல்லது. காய்ச்சலிலோ வாந்தியிலோ மாத்திரையைத் தவறவிடக் கூடாது. அந்த நாட்களில் அளவைக் கூட்ட வேண்டியிருக்குமா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு எடுக்கிறார் என்ற சீட்டு பையில் இருக்கட்டும். நிமோனியா, இன்ஃப்ளூயன்ஸா, அக்கித் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் மட்டும் கூடாது.

இன்னொன்று, மருந்தெல்லாம் நின்ற பிறகும் தொடர்வது. இந்த நோய் வந்தவர்களுக்கு நெஞ்சுப் பகுதி மகா தமனி மெல்ல வீங்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அது வருடங்கள் கழித்தும் வெளிப்படலாம். எத்தனை காலத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். எப்போதாவது நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீர் வலி வந்தால், அவசரப் பிரிவில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் "இவருக்குத் தமனி அழற்சி இருந்தது" என்பதாக இருக்கட்டும்.